லுத்தரன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை

பழைய மாணவர் மலர் எதை எடுத்துப் புரட்டினாலும், "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்" என்ற வரி எங்காவது வந்துவிடும். படித்தவுடன் எனக்கு லேசாக எரிச்சல் வரும். குடும்பம் எப்படிப்பட்டது என்று குடும்பத்துக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாதா? அங்கே பாசம் இருக்கிறதோ இல்லையோ, உரிமை இருக்கும். கேட்காமலே உள்ளே வருவார்கள். "ஏன் இப்படி இளைத்துப் போய்விட்டாய்?" என்பார்கள். "இன்னும் எத்தனை வருடம் வாடகை வீட்டில் இருப்பாய்?" என்பார்கள். வருடக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், மார்ட்டின் லூத்தர் வழிவந்த கிறிஸ்தவ சபை நடத்திய, நான் படித்த லுத்தரன் பள்ளிக்கூடம் எனக்குக் குடும்பம்தான். மலரில் எழுதுகிற பொருளில் அல்ல.

பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்குப் பாடம் எடுத்தவர்களில் சிலர் இன்னும் நல்ல கண்பார்வையோடு இருக்கிறார்கள், எல்லாவற்றையும் படிக்கிறார்கள். சென்னையில் புரசைவாக்கத்துக்கும் ஓட்டேரிக்கும் நடுவில் ஒரு மதில், ஒரு கேட். உள்ளே இடப்பக்கம் கோயில், வலப்பக்கம் பள்ளி, பின்னால் ஐயர் வீடு. சபைகுருவை அங்கே ஐயர் என்றுதான் அழைப்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. மூன்றுக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு வேப்பமரம், ஒரு மணி. அந்த மணி கோயிலுக்கும் அடிக்கும், பள்ளிக்கும் அடிக்கும். சாவுக்கு அடிக்கும்போது மட்டும் இடைவெளி விட்டு அடிப்பார்கள். பாதிக் கணக்கில் பென்சிலை வைத்துவிட்டு, யார் போனது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆடி மாதம் எங்கள் வீட்டு வாசலில் கூழ் ஊற்றுவார்கள். அப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்; கடவுள் மறுப்பாளர், பெரியார் கூட்டம் எங்கே நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர். அம்மா, அவர் கும்பிடாமல் விட்டதையும் சேர்த்துக் கும்பிடுகிறவர். அம்மாவும் அந்தப் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். 1980இல் என்னைச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது, தலைமை ஆசிரியை என்னைப் பார்க்கவே இல்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே அம்மாவைப் பார்த்து, "ஒன்பதாம் வாய்ப்பாடு இப்போதாவது வருமா உனக்கு?" என்று கேட்டார். இரண்டு பிள்ளை பெற்ற அம்மா, பாவாடை கட்டிய சிறுமி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். என் சேர்க்கை அதோடு முடிந்துவிட்டது. இன்னாருடைய மகள் என்பதற்கு மேல் அவர்களுக்கு வேறு தகவல் தேவைப்படவில்லை. பெரிய டீச்சர் என்று நாங்கள் அழைத்த அந்த அம்மையார் இந்தக் கட்டுரையில் அடிக்கடி வருவார். எங்கள் வாழ்க்கையிலும் அப்படித்தான் வந்தார்.

கோயில் எழும்புகிற இடத்தில் பள்ளிக்கூடமும் எழும்ப வேண்டும் என்பது லுத்தரன்காரர்களின் பழைய பிடிவாதம். மார்ட்டின் லூத்தர் 1524இல் ஜெர்மானிய நகரசபையினருக்கு எழுதிய கடிதத்தில், ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வையுங்கள் என்று வற்புறுத்தினார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், சில ஆண்டுகளுக்குள் பள்ளியும் தொடங்கினார், அச்சுக்கூடமும் வைத்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்துவிட்டது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் தனிச் சபையாக அமைந்தது 1919இல்தான். பள்ளிகள் அதற்கு வெகு காலம் முந்தியவை.

இதையெல்லாம் நாங்கள் பாடமாகப் படிக்கவில்லை. வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசுவதுபோல் டீச்சர்கள் பேசிக்கொள்வார்கள். அப்படித்தான் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் எங்களுக்கு அறிமுகமானார். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளியே இருக்கிறது. எங்களோடு ஐந்தாவது முடித்த பையன்களில் பலர் அங்கேதான் போனார்கள். 1740இல் இந்தியாவுக்கு வந்தவர், 1742இல் சென்னைக்கு மாறினார், 1791இல் இங்கேயே இறந்தார். இடையில் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. வேதாகமத்தை மறுபடி மொழிபெயர்த்தார். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் ஆக்கினார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது கைப்பற்றப்பட்ட அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்து அவர் பொறுப்பில் சேர்ந்தது. அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1779இல் அந்த வேப்பேரியில்தான் அச்சானது. பின்னால் வந்த அகராதிக்காரர்கள் எல்லோரும் அதைப் புரட்டாமல் வேலை செய்திருக்க முடியாது.

ஆனால் பெரிய டீச்சர் இதில் எதையும் பெருமையாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது இதைத்தான்: பப்ரிசியஸ் ஐயர் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை வாங்கி, கொடுக்கக் கூடாதவர்களுக்குக் கடன் கொடுத்தார். அது திரும்பவில்லை. வயதான காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். "பெரிய மனிதர்தான். கணக்குத் தெரியாத மனிதர்." வகுப்பு கப்சிப் என்று ஆகிவிட்டது. எங்களில் பலருடைய வீட்டுக்குக் காலையில் பாலுக்கு முன்னால் தண்டல்காரர் வந்துவிடுவார். கடன் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழுக்கு அகராதி போட்டவரும் கடனில் மாட்டிக்கொண்டவர் என்று தெரிந்தபிறகு, மாட்டியிருந்த அவர் படத்தின் மேல் பயம் போய்விட்டது.

வாரத்தில் குறிப்பிட்ட வகுப்புகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு நன்னெறி. நன்னெறி வகுப்பு பெரும்பாலும் தூங்கும் வகுப்பு. வேதபாடத்தில் பரிசு உண்டு என்று தெரிந்தவுடன் அம்மா என்னை அங்கே மாற்றிவிட்டார். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இலவசமாக இன்னொரு புராணமா?" என்றார், தடுக்கவில்லை. அப்படித்தான் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் எனக்கு மனப்பாடமானது. பத்துக் கட்டளைகளில் ஒன்று, உடனே "இதற்கு அர்த்தம் என்ன?" என்று ஒரு கேள்வி, அதற்குப் பதில். அடுத்த கட்டளை, மறுபடி அதே கேள்வி. வீட்டில் பிள்ளைகளுக்குத் தகப்பன் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் லூத்தர் அதை அப்படி எழுதினாராம். எங்கள் வீட்டில் தகப்பன் கடவுள் மறுப்பாளர் என்பதால் ஒப்பிப்பதைக் கேட்கும் வேலை அம்மாவுக்கு வந்தது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, "ம், அதற்கு அர்த்தம்?" என்பார்.

இதில் ஒரு பெரிய சண்டை வந்தது. எங்கள் தெருவில் தென்னிந்தியத் திருச்சபைப் பள்ளியில் படித்த ஒருத்தி, "களவு செய்யாதிருப்பாயாக" எட்டாம் கட்டளை என்றாள். நான் ஏழு என்றேன். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண் ஒருத்தியைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டோம். அவள் என் கட்சிக்கு வந்தாள். விக்கிரகங்களைப் பற்றிய கட்டளையைத் தனியாக எண்ணுகிறவர்களுக்கு எட்டு. லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் அதை முதல் கட்டளையோடு சேர்த்துவிட்டு, பிறர் உடைமைக்கு ஆசைப்படாதே என்பதைக் கடைசியில் இரண்டாகப் பிரிப்பதால் ஏழு. இந்த விவரமெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்று விவகாரம் பெரிய டீச்சரிடம் போனபோது அவர் தீர்ப்பு ஒரே வரி: "எந்த நம்பராக இருந்தாலும் திருடக் கூடாது. போய் உட்கார்."

அடுத்த கட்டளை பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது. லூத்தர் அதற்குக் கொடுக்கும் விளக்கம் பொய் சொல்லாதே என்பதோடு நிற்பதில்லை. அயலானுக்காகப் பரிந்து பேச வேண்டும், அவனைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டும், அவன் செய்வதையெல்லாம் நல்லவிதமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று போகும். வகுப்பிலேயே கடினமான பகுதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், அன்றும் இன்றும். வேதபாடத்துக்குப் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது. பள்ளியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியது. அப்பா அதில்தான் கடைசிவரை மோர் குடித்தார்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால் அறுப்பின் பண்டிகையைச் சொல்லாமல் இருக்க முடியாது. விளைச்சலில் முதற்பலனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கிற பண்டிகை. ஓட்டேரியில் என்ன விளையும், நல்லா கால்வாயில் கொசுவைத் தவிர? ஆகவே எங்கள் சபையின் விளைச்சல் எல்லாம் கொத்தவால் சாவடிச் சந்தையில் விளைந்தது. பூசணி, வாழைத்தார், கரும்பு, கோழி, ஒரு தட்டில் முட்டை. அதோடு வீட்டில் செய்த முறுக்கு, கேக், எம்ப்ராய்டரி போட்ட தலையணை உறை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். ஏலம் விடுகிறவர் சபையைச் சேர்ந்த ரயில்வே கார்டு. விசில் ஊதிப் பழகிய தொண்டை, மைக் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளும் ஏதாவது கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்ற மரத்திலிருந்து ஒரு பப்பாளியைப் பறித்து அம்மா என் கையில் கொடுத்திருந்தார்.

அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தார். கோயில் படி ஏறமாட்டார், ஆனால் மரத்தடி கோயில் அல்லவே. சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். முதலில் ஒரு முட்டை ஐந்து ரூபாய்க்குப் போனது; வாங்கியவர் அதையே திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி ஏலம், ஆறு ரூபாய், மறுபடி திரும்பி வந்தது. அந்த ஒரே முட்டையில் சபை ஒரு கோழிப்பண்ணை லாபம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா மெல்லச் சிரிக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். என் பப்பாளி வந்தது. கார்டு அதைத் தூக்கிப் பிடித்து, "நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கொண்டுவந்தது, ஒரு ரூபாய்!" என்றார். பெரிய டீச்சர் இரண்டு என்றார். ஐயர் மூன்று. கேட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் "ஐந்து" என்றது. அப்பாவின் குரல். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கறுப்புச் சட்டைக்காரரைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பெரிய டீச்சர் விடுவாரா? எட்டு, பத்து, பன்னிரண்டு என்று வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டே போனார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கடைசியில் இருபத்திரண்டு ரூபாய்க்கு அப்பாவின் தலையில் கட்டினார்கள். சொந்த மரத்துப் பப்பாளியை, நம்பாத சாமியின் திருவிழாவில், அரிசி வாங்க வைத்திருந்த காசுக்கு வாங்கிய பகுத்தறிவாளர் வடசென்னையில் வேறு யாரும் இருக்க மாட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அந்த டீச்சர் அம்மாவுக்கு எங்கள் யூனியனில் சேர்ந்தால் நல்ல எதிர்காலம் உண்டு" என்றார். அடுத்த வருடமும் வந்தார். கறுப்புச் சட்டையோடுதான்.

கேரல் பாட்டுக்காரர்கள் டிசம்பரில் சபையார் வீடுகளுக்கு மட்டும் போவார்கள் என்பது ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். நள்ளிரவு தாண்டி, தெரு நாய்கள் அத்தனையும் குரைக்க, ஹார்மோனியத்தையும் டிரம்மையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அம்மா சுக்குக் காபி போட்டு வைத்திருப்பார். அவர்கள் பாடுவதில் ஞானப்பாட்டு ஜெர்மன் மெட்டில் நின்று நிதானமாகப் போகும்; கீர்த்தனை தொடங்கியதும் தாளம் துள்ளும், பக்கத்து வீட்டுத் தாத்தாவும் திண்ணையில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் கேரலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

அம்மா இறந்தது ஒரு மே மாதம். பள்ளி விடுமுறை. யாருக்கும் நான் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பும் நிலையில் இல்லை. பறை அடிக்கிறவர்கள் வருவதற்கு முன்னால் பெரிய டீச்சர் வந்துவிட்டார். அப்போதே எழுபதைத் தாண்டியவர். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். ஜெபம் எதுவும் சத்தமாகச் செய்யவில்லை. எங்கள் சடங்குகள் நடக்கும்போது எழுந்து ஓரமாக நின்றார். ஓட்டேரி சுடுகாட்டுக்கு ஆண்கள் கிளம்பிப் போனதும், தன் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுவதைப் பார்த்தேன். இரவு ஏழு மணிக்கு இட்லியும் சட்னியும் ஐந்தடுக்கு கேரியர்களில் வந்தன. மறுநாள் காலை ஐயரம்மா வீட்டிலிருந்து பொங்கல். மதியம் சயன்ஸ் டீச்சர் வீட்டுக் குழம்பு. துக்க வீட்டில் அடுப்பு எரியாது. உறவுக்காரர்கள்தான் முறை போட்டுச் சோறு கொண்டுவர வேண்டும். எங்கள் பெரியம்மா சமையல் கட்டில் நின்று, "இவர்கள் நமக்கு என்ன முறை?" என்று காதோடு கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியம்மாவும் அந்தப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பெரிய டீச்சர் ஆறுதல் சொல்லிக் கேட்ட நினைவே எனக்கு இல்லை. பதினாறாம் நாள் முடிந்தவுடன் அவர் கேட்டது: "இறப்புச் சான்றிதழ் எத்தனை பிரதி வாங்கினாய்? ரேஷன் கார்டில் பெயரை நீக்கச் சொன்னாயா? அப்பா மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறது?"

குடும்பம் என்றால் அசிங்கமும் உண்டு, அதை விட்டுவிட்டு எழுதினால் மலர்க் கட்டுரை ஆகிவிடும். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சபைகளுக்குள் சாதி வேறுபாடு இனி கூடாது என்று ஆணையிட்டார். அதை ஏற்க மறுத்தவர்களில் பலர் லுத்தரன் பக்கம், ஜெர்மனியின் லைப்சிக் மிஷனை நோக்கி நகர்ந்தார்கள். லைப்சிக்காரர்கள் சாதி விஷயத்தில் அவ்வளவு கெடுபிடி காட்டவில்லை. ஆக, எங்கள் "குடும்பத்தில்" சில கிளைகள் வந்து சேர்ந்ததே இன்னொரு வீட்டில் சமமாக உட்கார மறுத்து. இது நூலகத்தில் மட்டும் இருக்கிற வரலாறு அல்ல. என்னோடு படித்த ஒருத்தியின் பாட்டி, கோயிலில் பெஞ்சு காலியாக இருந்தாலும் பின்சுவர் ஓரம் பாயில்தான் உட்காருவார். யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை என்பார்கள். சொல்லவில்லைதான். மேலே வாருங்கள் என்றும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தத் தோழி ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளியை மட்டும் விடவில்லை, இன்றும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறாள். முதல் வரிசையில் உட்காருகிறாள்.

சபைத் தேர்தல் வந்துவிட்டால் போதும், அண்ணன் தம்பி பங்காளிச் சண்டை தோற்றுவிடும். ஒரு வருடம் கேட்டில் இரண்டு பூட்டுகள் தொங்கின, ஆளுக்கொரு கட்சி போட்டது. நாங்கள் பையோடு தெருவில் நின்றோம். பெரிய டீச்சர் நடைபாதையிலேயே வரிசை கட்ட வைத்து, காலை ஜெபத்தைத் தொடங்கி, ஞானப்பாட்டைப் பாட வைத்து, முடிந்ததும் முதல் சரணத்திலிருந்து திரும்பப் பாடச் சொன்னார். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் வேகம் குறைத்துப் பார்த்தது. பத்து மணிக்குள் இரண்டு பூட்டும் திறந்துவிட்டன.

இப்போது பள்ளியில் கூட்டம் இல்லை. அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளிகள் பலவற்றுக்கும் இதே கதைதான். எங்கள் காலத்தில் ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள்தான் வகுப்பில் பாதி. 1996இல் பின்னி ஆலை மூடியபிறகு அந்தக் குடும்பங்கள் செங்குன்றம், திருநின்றவூர் என்று கலைந்துபோயின. மீதி இருப்பவர்கள் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகிறார்கள், என் மகள் உட்பட. அவளைச் சேர்த்த வருடம் பெரிய டீச்சர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அவளைக் கூப்பிட்டு ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தமிழில் சொல்லச் சொன்னார். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், தப்பில்லாமல். "பாட்டியை விடப் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதோடு சமாதானம்.

போன மழைக்குப் பழைய கட்டடத்தின் மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகி, மூன்றாம் வகுப்பை வராந்தாவில் நடத்தினார்கள். பழைய மாணவர்கள் பணம் திரட்ட வாட்ஸாப் குழு தொடங்கினோம். முதல் வாரமே யார் தலைவர் என்று சண்டை. இரண்டாம் வாரம் பெரிய டீச்சரின் குரல் செய்தி வந்தது. எண்பத்தைந்து வயதுக்குக் கணீரென்ற குரல். தலைவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், பணத்துக்கு நான்தான் பொறுப்பாம். நான் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேனாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபையார் பணத்தை இந்து வீட்டுப் பெண்ணிடம் கொடுப்பதா என்று குழுவில் ஒருவர் தயங்கி எழுதினார். அவருக்கு நான் பதில் எழுதுவதற்குள் இரண்டாவது குரல் செய்தி வந்தது: "அவள் அப்பா இருபத்திரண்டு ரூபாய்க்குப் பப்பாளி வாங்கியவர். நீ என்ன வாங்கினாய்?"

தனியாக எனக்கும் ஒன்று வந்தது. "பப்ரிசியஸ் ஐயர் மாதிரி கணக்கு வைக்காதே. ரசீது இல்லாமல் ஒரு பைசா வாங்கக் கூடாது." ரசீதுப் புத்தகம் அச்சடிக்கப் புரசைவாக்கத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.